கன்னி ராணியா, முட்டையிடும் ராணியா? ரப்பர் சீசனுக்கு முன் ஒரு கணக்கு

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கி, வாசிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

இந்த வாரம் மெழுகு உருக்குவது பற்றிப் பேசுவதாக இருந்தேன். அதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டேன். காரணம், டிசம்பர் 12-ம் தேதி வந்த ஒரு வாய்ஸ் மெசேஜ். குலசேகரம் பக்கத்திலிருந்து ஓர் அக்கா அனுப்பியிருந்தார். அவர் சொன்னதை அப்படியே சொல்றேன்:

"தம்பி, எனக்க நாலு பெட்டியில ஒண்ணுல ராணியக் காணல. மூணு வாரம் ஆச்சு. பக்கத்துல ஒருத்தர் ராணி அறை ஒண்ணு வெட்டித் தாரேன், சும்மா வச்சுக்கிடுங்கன்னு சொல்லுதாரு. இன்னொருத்தர் முட்டையிடுத ராணியோட மூணு சட்டம் தாரேன், ஆனா ரூவா வேணும்னு சொல்லுதாரு. ரப்பர் தளிர் வாறதுக்குள்ள பெட்டி தேறணும். எத வாங்கட்டும்?"

கூடவே நாலு போட்டோ. அந்தப் போட்டோவுக்குக் கடைசியில் வருகிறேன். அதில்தான் விஷயமே இருக்கிறது. ஆனால் அதைப் புரிந்துகொள்ள, இந்த இரண்டு ராணிக்கும் என்ன வித்தியாசம் என்று முதலில் பார்த்துவிடலாம்.

ராணி அறையிலிருந்து வெளியே வந்து, இன்னும் ஆண் தேனீக்களோடு இணை சேராதவள் கன்னி ராணி. அவள் உடனே முட்டையிட மாட்டாள். ஐந்தாறு நாள் கூட்டுக்குள்ளேயே முதிர வேண்டும். பிறகு நல்ல வெயில் நாளாகப் பார்த்து வெளியே பறக்க வேண்டும். ஒருமுறையோ சில முறையோ பறந்து, வானத்திலேயே பல ஆண் தேனீக்களோடு இணை சேர்கிறாள். பத்து, இருபது, நம் இந்தியத் தேனீயில் சில சமயம் அதற்கும் மேல். அந்த விந்தில் ஒரு பகுதி அவள் வயிற்றுக்குள் ஒரு சிறு பையில் சேர்ந்துவிடும். அவள் ஆயுளுக்கும் அதுதான் இருப்பு. முட்டையிடத் தொடங்கிய பிறகு மறுபடி இணை சேரப் போக மாட்டாள். கடைசிப் பறப்பு முடிந்து இரண்டு மூன்று நாளில் முட்டை வைக்கத் தொடங்குவாள். ஆக, அறையிலிருந்து வந்த நாளிலிருந்து முதல் முட்டை வரை சுமார் இரண்டு வாரம். அதுவும் வானம் ஒத்துழைத்தால்.

முட்டையிடும் ராணி இதையெல்லாம் தாண்டி வந்துவிட்டவள். அவளை விற்பவர் உங்களிடம் வாங்குவது ராணிக்கான விலை மட்டும் இல்லை. அந்த இரண்டு வாரத்தில் என்ன வேண்டுமானாலும் நடந்திருக்கலாம். அந்த ஆபத்தை அவர் ஏற்றுக்கொண்டதற்கான கூலியும் அதில் இருக்கிறது. வெளிநாடுகளில் இத்தாலியத் தேனீ ராணிகளைச் சின்னக் கூண்டில், நாலைந்து பணித் தேனீக்களைத் துணைக்கு விட்டு, தபாலிலேயே அனுப்புகிறார்கள். நம் ஊரில் இந்தியத் தேனீக்கு அப்படிப்பட்ட சந்தை கிடையாது என்றே சொல்லலாம். இங்கே முட்டையிடும் ராணி வேண்டும் என்றால் சட்டத்தோடு வாங்குவோம், இல்லை நாமே வளர்ப்போம்.

அந்த இரண்டு வாரத்தில் அப்படி என்ன ஆகும் என்று கேட்பீர்கள்.

முதல் விஷயம் நேரம். இலங்கையில் கொய்னிகரும் விஜயகுணசேகரவும் மூன்று வகைத் தேனீக்களின் ஆண்கள் எப்போது பறக்கின்றன என்று கவனித்து 1976-ல் எழுதினார்கள். கொம்புத் தேனீ நண்பகல் 12 மணியிலிருந்து இரண்டரை வரை. மலைத்தேனீ பொழுது சாயும்போது, ஆறு மணிக்கு மேல். நம் பெட்டித் தேனீ, அதாவது இந்தியத் தேனீ, மாலை நாலேகாலிலிருந்து ஐந்தேகால் வரை. இந்த மூன்று இனத்து ராணிகளும் ஆணை ஈர்க்கும் வாசனை ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்றோடொன்று மோதிக்கொள்ளாமல் இருக்க, வானத்தை நேரப்படி பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. எவ்வளவு அழகான ஏற்பாடு பாருங்க.

ஆனால் நமக்கு இதில் ஒரு சிக்கல். கன்னியாகுமரி மாவட்டத்தில் நாம் பெட்டி பிரிப்பது அக்டோபர், நவம்பர், டிசம்பர். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே மழை எப்போது வரும்? காலையில் பளிச்சென்று வெயில் அடிக்கும். மத்தியானம் மேகம் கூடும். மூன்றரை, நாலு மணிக்கு இடியோடு கொட்டும். சரியாக ராணி வெளியே போக வேண்டிய நேரத்தில்! இங்கிலீஷ் வீடியோ பார்த்துவிட்டு "பகலெல்லாம் வெயில்தானே அடிச்சுது, ஏன் ராணி இணை சேரல" என்று கேட்கிற தம்பிகளுக்கு இதைத்தான் சொல்வேன். அந்த வீடியோக்கள் பெரும்பாலும் இத்தாலியத் தேனீ பற்றியவை. அது பிற்பகலில் இன்னும் முன்னதாகவே பறக்கும். நம் தேனீக்கு மாலை ஒரு மணி நேரம்தான் கணக்கு.

மூன்று, மூன்றரை வாரம் இப்படியே ஓடிவிட்டால் அந்த ராணிக்கு இணை சேரும் பருவமே போய்விடும். அதன்பின் அவள் முட்டையிடுவாள். ஆனால் கருவுறாத முட்டை. தேனீயில் கருவுறாத முட்டையிலிருந்து ஆண்தான் வரும். பெட்டி முழுக்க ஆண் தேனீ. மதுரம் கொண்டுவர ஆளில்லை.

இரண்டாவது விஷயம், வெளியே போனவள் திரும்பி வர வேண்டும். மழை ஓய்ந்ததும் தட்டான்கள் எவ்வளவு பறக்கும் என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். பஞ்சுருட்டான் இருக்கிறது, கரிச்சான் இருக்கிறது. கம்பியில் வரிசையாக உட்கார்ந்து தேனீயைப் பிடிப்பதுதான் அவற்றுக்கு வேலை. இதையெல்லாம் தப்பித்து வந்தாலும், பெட்டிகள் எல்லாம் ஒரே நிறம், ஒரே திசை, அடுத்தடுத்து இருந்தால் அடுத்த பெட்டிக்குள் நுழைந்து கொல்லப்படுவாள். கன்னி ராணி இருக்கும் பெட்டியைத் தனியாக, வாசலை வேறு திசை பார்த்து வையுங்கள். முன்னால் ஒரு கல்லோ செடியோ அடையாளத்துக்கு இருக்கட்டும். மாலை மூன்று மணிக்கு மேல் அந்தப் பெட்டியைத் திறக்கவே கூடாது.

மூன்றாவது, என்னைப் போன்ற ஆட்களின் மடத்தனம். இதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான், இருந்தாலும் சொல்றேன். நான் தொடங்கிய இரண்டாம் வருடம், எங்கள் வீட்டுப் பலாமரத்தில் ஒரு கூட்டம் வந்து தொங்கியது. சின்னக் கூட்டம். பிடித்துப் பெட்டியில் போட்டேன். ஓடிப்போகக் கூடாதே என்று வாசலில் ராணித் தடுப்பு மாட்டினேன். பணித் தேனீ நுழையலாம், ராணி வெளியே போக முடியாது. எல்லோரும் செய்வதுதான். ஒரு வாரம் கழித்துக் கழற்ற வேண்டியதை அப்படியே விட்டுவிட்டேன். ஒரு மாதம் கழித்து முட்டை இருந்தது. வீட்டில் எல்லோரிடமும் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். இன்னும் பத்து நாளில் அறைகளுக்கு மூடி விழுந்தபோது, ஒவ்வொன்றும் கொப்புளம் மாதிரி மேலே எழும்பி, நடுவில் ஊசியால் குத்தியது போல ஒரு சின்னத் துளை. இந்தியத் தேனீயில் ஆண் அறையின் அடையாளமே அந்தத் துளைதான்.

நான் கேட்க மறந்த கேள்வி: இந்தக் கூட்டம் முதல் கூட்டமா, பின் கூட்டமா? ஒரு பெட்டி தானாகப் பிரியும்போது முதலில் போகும் பெரிய கூட்டத்தோடு பழைய ராணி போகிறாள். அவள் ஏற்கெனவே இணை சேர்ந்தவள். அதற்குப் பிறகு அதே பெட்டியிலிருந்து சின்னச் சின்னதாகப் போகும் கூட்டங்களில் இருப்பது கன்னி ராணி. பலாமரத்தில் தொங்கியது பின் கூட்டம். நான் தடுப்பு போட்டு அந்தப் பெண்ணைச் சிறை வைத்திருக்கிறேன். ஆகவே, ராணித் தடுப்பு மாட்டும்முன் உள்ளே இருப்பவள் யார் என்று பாருங்கள். வயிறு நீண்டு, நிதானமாக நடந்தால் முட்டையிடும் ராணி. வயிறு சிறுத்து, சட்டத்தைத் தூக்கினதும் பரபரவென்று ஓடி ஒளிந்தால் கன்னி ராணியாக இருக்கலாம். அவளுக்கு வாசல் திறந்தே இருக்க வேண்டும்.

இனி கணக்குக்கு வருவோம். ஒரு பேப்பர் எடுத்து எழுதிக்கொண்டால் நல்லது.

ரப்பரில் இலை உதிர்ந்து, ஜனவரி கடைசி, பிப்ரவரியில் புதுத் தளிர் வரும்போது இலைக்காம்பில் மதுரம் சுரக்கும். நமக்குப் பெரிய தேன்வரத்தே அதுதான். பிப்ரவரி 1-ம் தேதி வயலுக்குப் போகிற தேனீ உங்களிடம் நிறைய இருக்க வேண்டும் என்று வையுங்கள். ஒரு பணித் தேனீ முட்டையிலிருந்து வெளியே வர ஏறக்குறைய 20 நாள். வந்த பிறகு இரண்டு வாரத்துக்கு மேல் உள்வேலை. அதன் பிறகுதான் மதுரம் எடுக்கப் போகும். ஆக 35 நாள். டிசம்பர் 28-க்கு மேல் வைத்த முட்டை பிப்ரவரி 1-ல் உங்களுக்கு உதவாது.

முட்டையிடும் ராணியை வைத்தால் இரண்டு மூன்று நாளில் முட்டை விழும். முதிர்ந்த ராணி அறை வைத்தால் அதோடு இரண்டு வாரம் கூடும். ராணியே இல்லாமல் பெட்டியைப் பிரித்துவிட்டு, "அதுவே ராணியை உண்டாக்கிக்கொள்ளும்" என்று விட்டால் இன்னும் 12 நாள் கூடும். இந்தக் காலம் முழுக்கப் பழைய தேனீக்கள் செத்துக்கொண்டே இருக்கும். புதிதாகப் பிறக்க ஆளில்லை. நியூட்டன் பெட்டியில் இருப்பதே சின்னக் குடும்பம். அதில் ஒரு மாதம் பிறப்பு நின்றால் என்ன மிஞ்சும்? சமயத்தில் மிஞ்சியதும் பெட்டியை விட்டு ஓடிவிடும்.

அதனால் அக்டோபர் கடைசியிலோ நவம்பர் தொடக்கத்திலோ என்றால் நான் ராணி அறைதான் வைப்பேன். காலம் இருக்கிறது. இவள் தவறினால் இன்னொருத்தி. டிசம்பர் பாதிக்கு மேல் என்றால் காசு கொடுத்தாவது முட்டையிடும் ராணி.

அதற்காகக் கன்னி ராணியை மட்டமாக நினைத்துவிட வேண்டாம். செலவில்லை என்பது ஒன்று. அதைவிட முக்கியம், அவள் உங்கள் ஊர் ஆண் தேனீக்களோடு இணை சேர்கிறாள். 1991-92-ல் தாய் சாக் புரூட் என்ற வைரஸ் நோய் வந்து, கேரளத்திலும் நம் மாவட்டத்திலும் பெட்டிகளைத் துடைத்தெடுத்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். வீட்டுக்கு வீடு காலிப் பெட்டி கிடந்த காலம். அதில் தப்பிய கூட்டங்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று நம் காட்டிலும் தோட்டத்திலும் பறக்கின்றன. எங்கிருந்தோ வாங்கிய ராணியின் வயிற்றில் இருப்பது அந்த ஊர் ஆண்களின் விந்து. கூடவே சட்டமும் வாங்கினால் நோயும் வரலாம். புழு தலையை மேலே தூக்கிப் பை மாதிரி தொங்குகிறதா என்று ஒவ்வொரு சட்டமாகப் பார்க்காமல் வாங்கவே வாங்காதீர்கள்.

இன்னொன்று, நோய் லேசாகத் தொட்ட பெட்டிக்குக் கன்னி ராணியால் வரும் அந்த முட்டையில்லாத இடைவெளியே மருந்து. வைரஸ் பிடிக்கப் புழு இல்லை. தேனீக்கள் அறைகளைச் சுத்தம் செய்துகொள்ளும். இதற்காகவே முட்டையிடும் ராணியைக் கூண்டில் அடைத்துவைப்பவர்களும் உண்டு.

ஆனால் ஊர் ஆண் தேனீ என்றால் ஊரில் ஆண் தேனீ இருக்க வேண்டும், இல்லையா? பெட்டிகளில் துளை போட்ட ஆண் அறைகள் வந்து, அவை பிறந்து, அதன் பிறகும் பத்து நாளுக்கு மேல் ஆனால்தான் அவை இணை சேரத் தகுதியாகும். அதற்கு முன் ராணி அறை வைப்பது மாப்பிள்ளை பார்க்காமல் பந்தல் போட்ட கதை. சுற்றுவட்டாரப் பெட்டிகள் எல்லாமே ஒரே தாயிலிருந்து பிரித்தவை என்றாலும் வம்புதான். சொந்தத்துக்குள் இணை சேர்ந்தால், கருவுற்ற முட்டையிலும் ஒரு பங்கு ஆண் புழுவாகிவிடும். பணித் தேனீக்கள் அவற்றைத் தின்றுவிடும். அடை முழுக்க அங்கங்கே ஓட்டை ஓட்டையாக இருக்கும். ராணி சரியில்லை என்று நாம் அவளைத் திட்டுவோம்.

ராணியைக் கொடுக்கும் முறையிலும் வித்தியாசம் உண்டு. ராணி அறையை ஏற்பது பெட்டிக்குச் சுலபம். நுனி மெழுகைத் தேனீக்கள் சுரண்டி, உள்ளே பழுப்பு நிறம் தெரிகிற அறையாக எடுங்கள். ஓரிரு நாளில் பிறந்துவிடுவாள். தலைகீழாக்காமல், குலுக்காமல், அடையோடு சேர்த்து வெட்டி, புழு இருக்கும் சட்டத்தில் பதியுங்கள். பிறந்து சில நாளான கன்னி ராணியைக் கையால் கொடுப்பதுதான் மூன்றிலும் கஷ்டம். அவளுக்குத் தாயின் வாசனை இன்னும் வரவில்லை, குழந்தையின் வாசனை போய்விட்டது. பெரும்பாலும் கடித்துக் கொன்றுவிடும். முட்டையிடும் ராணி என்றால், பழைய ராணியை எடுத்து, இருக்கும் ராணி அறைகளை எல்லாம் கிள்ளிவிட்டு, கூண்டோடு புழுச் சட்டங்களுக்கு நடுவில் ஒன்றிரண்டு நாள் தொங்கவிட வேண்டும். கூண்டின் மேல் தேனீக்கள் விரலால் தள்ளினால் நகர்கின்றனவா, பிடியை விடாமல் கடிக்கின்றனவா என்று பாருங்கள். கடித்தால் திறக்க வேண்டாம்.

இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமா என்று ஒருமுறை எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். நாற்பது வருடமாகப் பெட்டி வைத்திருப்பவர். அவர் தோட்டத்துக்குப் போனபோது, நல்ல பெட்டிகளுக்குத் தள்ளி, கொய்யா மரத்தடியில் மூன்று குட்டிப் பெட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டே சட்டம், ஒரு பிடி தேனீ.

"அது என்ன பாட்டா?"

"மக்களே, கன்னிப் பொண்ணு தொலைஞ்சா இந்தச் சின்னப் பெட்டியோட தொலையட்டும். பெரிய பெட்டிய எதுக்குப் பட்டினி போடணும்? இதுல முட்ட வச்ச பொறவு தூக்கிப் பெருசுல வைப்பேன்."

நவம்பரில் மூன்று ராணி அறை மூன்று குட்டிப் பெட்டியில். இரண்டு தேறினால்கூட, டிசம்பரில் அவர் கையில் இரண்டு முட்டையிடும் ராணி. காசும் இல்லை, பெரிய பெட்டியில் ஒரு நாள்கூடப் பிறப்பு நிற்பதும் இல்லை. நான் மூன்று வருடமாக அப்படித்தான் செய்கிறேன். ஒரே ஒரு தொந்தரவு: இரண்டு சட்டக் குடும்பம் எறும்புக்கும் மெழுகுப் பூச்சிக்கும் சுலபமாக இரையாகும். கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைக்க மறக்காதீர்கள். மூடாத புழு ஒரு கைப்பிடியளவாவது அதில் இருக்கட்டும். புழு இருந்தால் ஓடிப்போக மனசு வராது.

சரி, அக்காவின் போட்டோவுக்கு வருவோம். மூன்றாவது போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரே அறையில் மூன்று, நாலு முட்டை. சில முட்டைகள் அறையின் அடியில் இல்லாமல் பக்கச் சுவரில் ஒட்டியிருக்கின்றன. ராணியின் வயிறு நீளம். அவள் அடியில் ஒற்றை முட்டையாக வைப்பாள். இது பணித் தேனீக்கள் வைத்த முட்டை. ராணி போய்விட்டால் நம் தேனீயில் இது வெகு சீக்கிரம் நடக்கும். இந்த நிலையில் இருக்கும் பெட்டி தனக்கு ராணி இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறது. ராணி அறை வைத்தால் கிழித்துவிடும். கூண்டில் ராணி கொடுத்தாலும் பெரும்பாலும் கொன்றுவிடும்.

அதனால் அக்கா, சும்மா கிடைக்கிற ராணி அறை உங்களுக்கு வேண்டாம். அந்த மூன்று சட்டத்தை வாங்குங்கள், புழுவைப் பார்த்து வாங்குங்கள். ஆனால் அந்த ராணியைப் பழைய பெட்டிக்குள் விடாதீர்கள். மாலை நேரத்தில், பழைய பெட்டி இருந்த அதே இடத்தில், புதுச் சட்டங்களையும் ராணியையும் வேறு பெட்டியில் வையுங்கள். ஒரு நாள் அது அமைதியாக இருக்கட்டும். பழைய பெட்டியைப் பத்திருபது அடி தள்ளி வைத்துவிடுங்கள். வயலுக்குப் போகும் தேனீக்கள் பழகிய இடத்துக்கே வந்து, மதுரத்தோடு புதுப் பெட்டி வாசலில் நிற்கும். கையில் பண்டத்தோடு வருகிறவர்களை யாரும் துரத்த மாட்டார்கள். மறுநாள் வெயிலில் பழைய சட்டங்களைப் பெட்டியிலிருந்து தள்ளி ஒரு சாக்கின் மேல் உதறிவிடுங்கள். வர வேண்டியவை வந்து சேரும். முட்டையிட்ட பணித் தேனீக்களில் சில வந்தாலும், ராணியும் அவள் புழுவும் இருக்கும் குடும்பத்தில் அடங்கிவிடும். அந்தப் பழைய அடையில் புழுக்கூட்டு இருந்த பகுதியை வெட்டி உருக்கிவிடுங்கள். தேன் உள்ள பகுதியை மட்டும் கொடுக்கலாம். வாசலைச் சின்னதாக்கி, ஒரு வாரம் இரவில் சர்க்கரைப் பாகு வையுங்கள்.

டிசம்பர் 15 வாக்கில் இதைச் செய்தால், அந்த மூன்று சட்டத்தில் ஏற்கெனவே மூடியிருக்கும் புழுக்கள் ஒன்றரை வாரத்துக்குள்ளேயே பிறக்கும். தளிர் வரும்போது அவை வயலில் இருக்கும். மற்ற மூன்று பெட்டியோடு போட்டி போடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மார்ச்சில் தேன் எடுக்கும்போது அதற்கும் ஒரு மேல்தட்டு இருக்க வாய்ப்பு உண்டு.

இன்னொரு வேலையும் இருக்கு அக்கா. மற்ற மூன்று பெட்டியில் எதிலாவது இப்போது ராணி அறை கட்டியிருந்தால் கிள்ளிப் போட்டுவிடாதீர்கள். இரண்டு சட்டத்தோடு ஒரு குட்டிப் பெட்டியில் எடுத்து வையுங்கள். எப்படி இருக்கிறது என்று ஜனவரியில் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க. மெழுகு பற்றிய எபிசோட் அடுத்த வியாழக்கிழமை.